அடைப்புக்கும் கேப்புக்கும் நடுவே

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் வாயில் ஒரு அடைப்பாவது இருக்கும். வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுக்கொண்டவர்களும் இருப்பீர்கள். சொத்தை சின்னதாக இருந்தால் அடைப்பு, பெரிதாகிவிட்டால் கேப், அதற்கும் மேலே போனால் பிடுங்குவது என்று மூன்றே படிகள்தாம் நம் மக்கள் மனதில் பதிந்திருக்கின்றன. முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது. இன்லே, ஆன்லே என்று அதைச் சொல்கிறோம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழக்கத்தில் உள்ள முறை. ஆனால் பல் நாற்காலியில் படுத்திருக்கும் ஒருவரிடம், "உங்கள் பல்லுக்கு இப்படியும் ஒரு வழி உண்டு" என்று எடுத்துச் சொல்வது நம்மிடையே அரிதாகவே நடக்கிறது. அந்தக் குறையைப் போக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் பல்லைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் 96 விழுக்காடு தாதுப்பொருள். முகட்டின் உச்சியில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் கனம் இருக்கும். கழுத்துப் பக்கம் போகப் போக மெலிந்துவிடும். எலும்பு முறிந்தால் உடம்பே கூட்டிவைக்கிறது. தோல் கிழிந்தால் ஆறிவிடுகிறது. எனாமலுக்கு அந்த வரம் இல்லை. அதை உருவாக்கிய செல்கள் பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லின் எனாமல் அறுபது வயதிலும் அதேதான்; ஒரு துளிகூடப் புதிதாகச் சேராது. போனது போனதுதான். பல் மருத்துவத்தின் எல்லா விவாதங்களும் கடைசியில் இந்த ஒரு உண்மையில்தான் வந்து நிற்கின்றன.

எனாமலுக்கு உள்ளே டென்டின். இதில் தாதுப்பொருள் ஏறத்தாழ 70 விழுக்காடு. மீதி கொலாஜன் நாரும் நீரும். அதனால் சற்றே வளைந்து கொடுக்கும். கண்ணாடி போன்ற எனாமல் நொறுங்காமல் இருப்பதற்கு அடியில் இந்த டென்டின் தாங்குவதே காரணம். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட கூழ். சொத்தை எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கியதும் கூச்சம் தொடங்கும். கூழை எட்டினால் இரவு தூங்கவிடாத வலி.

கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பை நாக்கால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். மேடுகளை முகடு என்று சொல்லிக்கொள்வோம். மேல் கடைவாய்ப் பல்லில் பெரும்பாலும் நான்கு, கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் ஐந்து. இரண்டு பக்கமும் அடுத்த பல்லைத் தொடும் இடத்தில் ஒரு வரப்பு ஓடும். கன்னப் பக்க முகடுகளையும் நாக்குப் பக்க முகடுகளையும் விலகாமல் இழுத்துப் பிடித்திருப்பது அந்த வரப்புதான். முழு வலுவோடு கடிக்கும்போது கடைவாய்ப் பல்லில் 50 முதல் 70 கிலோ எடைக்கு நிகரான விசை விழும். முறுக்கு, சீடை, வெற்றிலையோடு மெல்லும் கொட்டைப்பாக்கு, அரிசியில் தப்பிவந்த ஒரு கல் என்று அதைத் தாங்கிப் பழகிய பல், வரப்பு அறுந்ததும் திணறுகிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரீ, மெசர், டக்லஸ் என்ற மூவர் 1989இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிடுங்கிய முன்கடைவாய்ப் பற்களை எடுத்து, ஒவ்வொரு கட்டமாகத் துளைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் முகடுகளின் விறைப்பு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். வேர் சிகிச்சைக்காகத் துளை போட்டதில் விறைப்பு 5 விழுக்காடு குறைந்தது. மேற்பரப்பில் மட்டும் குழி எடுத்ததில் 20 விழுக்காடு. இரு பக்க வரப்புகளையும் அறுத்து நீளமாகக் குழி எடுத்தபோது 63 விழுக்காடு. "வேர் சிகிச்சை செய்த பல் உயிரில்லாத பல், அதனால்தான் உடைகிறது" என்று நம் மக்கள் சொல்வார்கள், மருத்துவர்களும்கூடச் சொல்வதுண்டு. நரம்பை எடுத்ததால் அந்தப் பல் உடைவதில்லை. சொத்தையும் அதைச் சுத்தம் செய்த கருவியும் சேர்ந்து வரப்புகளைத் தின்றுவிட்டதால்தான் உடைகிறது.

வரப்பு போன பல்லில் வெறும் அடைப்பை வைத்தால் என்ன ஆகும்? விறகு பிளக்கிறவர் கட்டையின் நடுவில் ஆப்பை வைத்து மேலே அடிக்கிறார் அல்லவா, அதே கதைதான். ஒவ்வொரு கடியும் அந்த அடைப்பின் தலையில் விழும் அடி. இரு பக்க முகடுகளும் மயிரிழை விலகி, மயிரிழை கூடும். ஆண்டுக்கணக்கில் இது நடந்து, ஒருநாள் மென்மையான ஏதோ ஒன்றைக் கடிக்கும்போது ஒரு பக்கச் சுவரே பெயர்ந்து கையில் வரும். "இட்லிதான் டாக்டர் சாப்பிட்டேன்" என்று வந்து நிற்பவர்களை எந்தப் பல் மருத்துவரும் பார்த்திருப்பார். உடைத்தது இட்லி இல்லை; அதற்கு முந்தைய பத்து வருடங்கள்.

இன்லே என்பது முகடுகளுக்கு நடுவே உள்ள குழிக்குள் மட்டும் உட்காரும் துண்டு. ஆன்லே என்பது குழிக்குள் இறங்கி, பலவீனமான முகட்டின் மேலும் ஏறி அதை மூடிக்கொள்ளும் துண்டு. ஒரு முகட்டை மூடலாம், இரண்டை மூடலாம், எல்லா முகடுகளையும்கூட மூடலாம். சாதாரண அடைப்பைக் குழைவாக வாயில் வைத்து அங்கேயே இறுக வைக்கிறோம். இவை அப்படியல்ல. பல்லை அளவெடுத்து, வாய்க்கு வெளியே முழுத் துண்டாகச் செய்து, பிறகு பல்லில் ஒட்டுகிறோம். கேப்போ பல்லைச் சுற்றிலும் சீவி, தலை முதல் ஈறுவரை மூடுகிறது.

இந்த யோசனை எங்கே தொடங்கியது என்று பார்த்தால் சுவையான வரலாறு இருக்கிறது. பல்லில் குழி எடுத்துத் துண்டு பதிப்பதை ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே நடு அமெரிக்காவின் மாயா மக்கள் செய்திருக்கிறார்கள். முன்பற்களில் வட்டமாகத் துளையிட்டுப் பச்சை ஜேடு, பைரைட் போன்ற கற்களைப் பதித்தார்கள். அகழ்வாராய்ச்சியில் கிடைத்த மண்டையோடுகளில், ஆயிரம் ஆண்டு கழித்தும் சில கற்கள் விழாமல் ஒட்டியிருக்கின்றன. ஆனால் அவை நல்ல பற்களில் அழகுக்காகச் செய்தவை. நோயுற்ற பல்லைக் காக்கச் செய்ததாகச் சொல்ல முடியாது.

மருத்துவமாக இது வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்லஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர் 1880களில் பீங்கான் இன்லே செய்தார். மெல்லிய பிளாட்டினத் தகட்டைக் குழியின் வடிவத்துக்கு அழுத்தி எடுத்து, அதற்குள் பீங்கான் தூளை நிரப்பிச் சூளையில் சுட்டார். வான்வழியே அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் தாய்வழித் தாத்தா இவர். லேண்டின் பீங்கான் அழகாக இருந்தது. ஆனால் அன்று இருந்த சிமென்டுக்குப் பல்லோடு ஒட்டும் சக்தி கிடையாது, இடைவெளியை நிரப்பும், அவ்வளவுதான். ஒட்டாமல் நின்ற பீங்கான் எளிதில் விரிசல் விட்டது, கழன்றது.

பெரிய மாற்றம் 1907 ஜனவரியில் வந்தது. சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் டாகர்ட், நியூயார்க்கில் பல் மருத்துவர்கள் கூடிய அவையில் தங்க இன்லே வார்க்கும் முறையைக் காட்டினார். அதற்கு முன்பு தங்கத்தால் பல் அடைப்பது என்றால், தங்க இழைத்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குள் வைத்து, சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். மருத்துவருக்கும் நோயாளிக்கும் மணிக்கணக்கில் தண்டனை. டாகர்ட் செய்தது என்ன? குழியின் வடிவத்தை மெழுகில் எடுத்தார். மெழுகைச் சுற்றி அச்சுக்கலவையை ஊற்றி இறுகவிட்டார். சூடாக்கி மெழுகை ஓடவிட்டார். காலியான இடத்தில் உருக்கிய தங்கத்தை அழுத்தத்தோடு செலுத்தினார்.

இதைக் கேட்டதும் உங்களுக்குச் சுவாமிமலை நினைவுக்கு வந்திருக்கும். வரத்தான் வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் உலோகத்தை வார்க்கும் நம் ஸ்தபதிகளின் முறையேதான் இது. சோழர் காலத்து நடராசரும் சிகாகோக்காரரின் பல் துண்டும் ஒரே தொழில்நுட்பத்தில் பிறந்தவை. வித்தியாசம் அளவில் இருக்கிறது. செப்புத் திருமேனியை வார்த்தபின் உளியால் செதுக்கி நேர் செய்யலாம். பல்லில் அந்தச் சலுகை கிடையாது. தங்கக் கலவை உருகிய நிலையிலிருந்து இறுகும்போது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு சுருங்கும். அந்தச் சுருக்கத்தோடு வைத்தால் ஓரம் பொருந்தாது, இடைவெளியில் சொத்தை புகும். எனவே, சூட்டில் சரியாக அதே அளவு விரியும் அச்சுக்கலவைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். பல் ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களை நாம் யாரும் பார்ப்பதில்லை, பெயரும் தெரியாது. ஆனால் இந்த நுட்பம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

டாகர்ட் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கி, பயன்படுத்துகிறவர்கள் பணம் கட்ட வேண்டும் என்று கேட்டார். பல் மருத்துவர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள், வழக்கு நடந்தது. அயோவா மாநிலத்தின் பில்புரூக் என்ற மருத்துவர் 1890களிலேயே இதே போன்ற வார்ப்பைச் செய்து கட்டுரையும் படித்திருந்தார் என்பது வெளியே வந்தது. காப்புரிமை நிற்கவில்லை. டாகர்டுக்கு அது துயரம்தான். என்றாலும் ஒரு நல்ல வைத்திய முறை எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது சரியென்றே எனக்குப் படுகிறது.

தங்கம் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு ஓர் அரிய சான்று இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் ஃபெர்ன்டேல் என்ற சிற்றூரில் தொழில் நடத்திய ரிச்சர்ட் டக்கர் என்ற மருத்துவர் வைத்த 1,314 தங்க வார்ப்புகளை மற்றவர்கள் பரிசோதித்து 2004இல் கட்டுரை வெளியிட்டார்கள். வாயில் ஓர் ஆண்டு முதல் 52 ஆண்டுகள்வரை இருந்தவை அவை. 95 விழுக்காட்டுக்கு மேல் பழுதில்லாமல் இருந்தன. தங்கம் எனாமலைப் போலவே மெதுவாகத் தேயும், எதிர்ப்பல்லை அரிக்காது, ஓரத்தில் மெல்லிய இதழாகத் தேய்த்துப் பல்லோடு படியவைக்கலாம். உழைப்பில் தங்கத்தை மிஞ்சிய பொருள் இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து. ஆனால் பவுன் விற்கிற விலையும், வாயில் மஞ்சளாகத் தெரியக்கூடாது என்ற விருப்பமும் சேர்ந்து அதை ஏறக்குறைய ஒழித்துவிட்டன.

வெள்ளை நிறத்தில், ஒட்டிக்கொள்ளும் துண்டு வேண்டும் என்றால் முதலில் பல்லில் ஒட்டும் பசை வேண்டும். ஈரமும் எச்சிலும் உள்ள இடத்தில் எதை ஒட்டுவது? அதற்கு வழி காட்டியவர் மைக்கேல் புவோனகோர். அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரத்தவர். ஆலைகளில் உலோகத்துக்குப் பெயின்ட் அடிக்கும் முன் பாஸ்பாரிக் அமிலத்தால் துடைத்தால் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதைக் கவனித்து, எனாமலில் அதைச் செய்து பார்த்தார். 85 விழுக்காடு அமிலம், 30 விநாடி. எனாமல் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாயின. அவற்றுக்குள் பிசின் இறங்கி இறுகிப் பிடித்துக்கொண்டது. 1955இல் அவர் வெளியிட்ட அந்தச் சிறிய கட்டுரைக்கு அன்று பெரிய வரவேற்பு இல்லை. இன்று பல்லின் நிறத்திலேயே நீங்கள் வாயில் வைத்திருக்கும் ஒவ்வொரு கலர் அடைப்பும் அந்தக் கட்டுரைக்குக் கடன்பட்டது. அமிலத்தின் செறிவு மட்டும் இப்போது 37 விழுக்காடு அளவில் குறைந்திருக்கிறது.

இந்தப் பிடிமானம் வந்தபிறகு பீங்கானுக்கு மறுபிறப்பு. தனியாக நின்றால் விரிசல் விடும் பீங்கான், பல்லோடு ஒன்றாக ஒட்டப்பட்டால் பல்லின் பலத்தைத் தானும் வாங்கிக்கொள்கிறது, தன் பலத்தைப் பல்லுக்கும் கொடுக்கிறது. ஸூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவரும் மார்கோ பிராண்டெஸ்டினி என்ற மின்பொறியாளரும் சேர்ந்து, ஆய்வகத்துக்கு அனுப்பாமல் நாற்காலி அருகிலேயே பீங்கான் துண்டு கடையும் பொறி ஒன்றைச் செய்தார்கள். சிறு கேமரா குழியைப் படம் பிடிக்கும். கணினி வடிவம் கணக்கிடும். வைரச் சக்கரம் பீங்கான் கட்டியிலிருந்து துண்டைக் கடைந்தெடுக்கும். 1985 செப்டம்பர் 19 அன்று முதல் நோயாளிக்கு அப்படி ஓர் இன்லே வைத்தார்கள். செரெக் என்று அதற்குப் பெயர். அந்த முதல் பொறிக்கு மேற்பரப்பின் மேடு பள்ளங்களைக் கடையத் தெரியாது. துண்டை ஒட்டிவிட்டு, வாயிலேயே மருத்துவர் கையால் செதுக்க வேண்டும். அவ்வளவு குறைகளோடு பிறந்தும் அது நிலைத்தது. சுவிட்சர்லாந்தில் டோபியாஸ் ஓட்டோ என்ற மருத்துவர் 1989 முதல் 1991 வரை தன் மருத்துவமனையில் 200 துண்டுகளை இந்த முறையில் வைத்து, விடாமல் பின்தொடர்ந்தார். 17 ஆண்டுக்குப் பின் 88.7 விழுக்காடு நிலைத்திருந்ததாகக் கணக்குச் சொன்னார். 1998இல் லீக்டன்ஸ்டைன் நாட்டு ஐவோக்ளார் நிறுவனம் லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கானைக் கொண்டுவந்தது. பழைய பீங்கானைப் போல மூன்று மடங்குக்கு மேல் வலிமை. இன்று நம் ஊரில் ஆன்லே என்று சொல்லிச் செய்வதில் பெரும்பகுதி இந்தப் பொருளில்தான்.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். இன்லேயையும் ஆன்லேயையும் எல்லாரும் ஒரே மூச்சில் சொல்கிறோம். என் பார்வையில் இரண்டும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவை அல்ல. சிறிய, நடுத்தரக் குழிக்கு இன்று நல்ல கலர் அடைப்பே போதும். இன்லே உள்ளே இறங்க வேண்டுமானால் குழியின் சுவர்கள் வாய்ப்பக்கம் சற்று விரிந்திருக்க வேண்டும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் சீவ நேரிடும். செலவு பல மடங்கு. அப்படியிருந்தும், நன்றாக வைத்த நேரடி அடைப்பைவிட இன்லே தெளிவாக அதிக காலம் உழைக்கிறது என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. ஆப்பு வேலையையும் அது நிறுத்திவிடாது. குழி ஆழமாகி ஈறுக்குப் பக்கத்தில் இறங்கிவிட்ட இடத்தில், பக்கத்துப் பல்லோடு தொடும் இடத்தைச் சரியாக அமைக்க வேண்டிய இடத்தில், இன்லேக்கு இன்னும் வேலை உண்டு. அதற்கு மேல் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஆன்லேயின் நிலை வேறு. இரு வரப்பும் போன பல், ஒரு முகடு உடைந்த பல், வேர் சிகிச்சை முடிந்தும் சுவர்கள் ஓரளவு நல்லபடியாக நிற்கிற பல் ஆகியவற்றுக்கு அதுவே ஏற்ற வைத்தியம். முகட்டை மூடிவிடுவதால் கடியின் விசை பிளக்கும் திசையில் போகாமல் கீழ்நோக்கி வேருக்குள் இறங்குகிறது. அதற்காகச் சீவுவது முகட்டின் உச்சியில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். பக்கச் சுவர்களின் எனாமல் அப்படியே இருக்கும்.

கேப்பில் அப்படி இல்லை. எடெல்ஹாஃப், சோரன்சன் என்ற இருவர் 2002இல் பற்களைச் சீவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார்கள். பின்பற்களில் முழு கேப்புக்காகச் சீவும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்குவரை போய்விடுகிறது. சொத்தை தின்றது போக மீதியிருந்த நல்ல எனாமலை நாமே பொடியாக்கி உறிஞ்சு குழாயில் விடுகிறோம். உயிருள்ள பல்லாக இருந்தால், அந்தச் சீவலின் சூட்டிலும் அதிர்ச்சியிலும் சில பற்களில் கூழும் செத்துப்போகிறது. பிறகு வேர் சிகிச்சை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பீங்கான் இன்லே, ஆன்லேகள் 5 ஆண்டில் 92 முதல் 95 விழுக்காடும், 10 ஆண்டில் ஏறத்தாழ 91 விழுக்காடும் நிலைத்திருப்பதாக 2016இல் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த அளவு உழைக்கிற ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு, முதல் பேச்சிலேயே கேப்புக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுற்றிலும் சுவரே இல்லாத பல்லுக்கு, எனாமல் ஓரம் மிஞ்சாத பல்லுக்கு, ஏற்கெனவே கேப் இருந்து மாற்றவேண்டிய பல்லுக்கு அதுதான் வைத்தியம். ஆன்லே ஒட்டுவதற்கு எனாமல் வேண்டும். அது இல்லாத இடத்தில் பிடிவாதம் பிடிப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு.

அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் கேப்? மருத்துவர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமும் அல்ல. கேப்பை ஒட்டுவது சுலபம். சற்று ஈரம் பட்டாலும் நின்றுவிடும். ஆன்லே அப்படி மன்னிக்காது. வேலையைக் கொஞ்சம் விவரிக்கிறேன், உங்களுக்கே புரியும். முதல் நாள் மரத்துப்போக ஊசி போட்டு, பழைய அடைப்பையும் சொத்தையையும் எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, முகடுகளின் கனத்தை அளந்து, எது நிற்கும் எது நிற்காது என்று முடிவுசெய்ய வேண்டும். திறந்த டென்டினை அன்றே ஒரு பூச்சால் மூடிவிடுவது நல்லது. பிறகு சிலிக்கோனிலோ ஸ்கேனரிலோ அளவெடுத்து, தற்காலிக அடைப்பு வைத்து அனுப்புகிறோம். ஆய்வகத்திலிருந்து துண்டு வந்ததும் இரண்டாம் நாள். துண்டின் உட்பக்கத்தை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரிக்க வேண்டும். லித்தியம் டைசிலிகேட்டுக்கு 20 விநாடி போதும். கழுவிக் காயவைத்து, சிலேன் என்ற பிணைப்புத் திரவம் தடவ வேண்டும். பல்லின் எனாமலுக்குப் பாஸ்பாரிக் அமிலம். பிறகு பசை, பிசின் சிமென்ட், நீல ஒளி. ஓரத்தில் பிதுங்கிய சிமென்டை ஒரு துளி விடாமல் எடுத்து, கடியைத் தாள் வைத்துப் பார்த்து, மெருகேற்ற வேண்டும். நடுவில் ஒரு துளி எச்சிலோ ஈறிலிருந்து இரத்தமோ பட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

எச்சில் படாமல் காக்க ஒரு வழி 1864இலேயே வந்துவிட்டது. நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் கண்டுபிடித்த ரப்பர் டேம். ஒரு சதுர ரப்பர்த் தாளில் ஓட்டை போட்டுப் பல்லை மட்டும் வெளியே எடுத்துவிட்டால், மீதி வாய் முழுவதும் மூடியிருக்கும். அமிலமும் கருவியும் தொண்டைக்குள் போகாமலும் அது காக்கும். விலை மிகக் குறைவு. 160 ஆண்டுகள் கழித்தும் அது மேசை இழுப்பறையிலேயே தூங்குவதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் வருகிறது. மூச்சு முட்டும், நோயாளி விரும்பமாட்டார் என்பார்கள். விளக்கிச் சொன்னால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். சிலர் அதற்குள் தூங்கியே விடுகிறார்கள்.

வெள்ளி அடைப்பு வைத்திருப்பவர்கள் கட்டாயம் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி அடைப்பு என்று நாம் சொல்லும் அமால்கத்தின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை அதன் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகச் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி முதல் அதற்குத் தடை. இதற்கெல்லாம் முக்கிய காரணம் பாதரசம் மண்ணிலும் நீரிலும் சேர்வது. உங்கள் வாயில் பழுதின்றி இருக்கும் வெள்ளி அடைப்பைப் பயந்துபோய்ப் பெயர்க்க வேண்டியதில்லை. பெயர்க்கும்போதும் கொஞ்சம் நல்ல பல் போகும். ஆனால் இரு வரப்பையும் அறுத்துக்கொண்டு போகும் பெரிய வெள்ளி அடைப்பு, அதைச் சுற்றி விரிசல் கோடு, அந்தப் பல்லில் கடித்துவிட்டு விடும்போது சுருக்கென்று ஒரு குத்தல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. கடிக்கும்போது இல்லாமல் கடியை விடும்போது குத்தினால், பல்லில் விரிசல் விழத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அந்தக் கட்டத்தில் முகடுகளை மூடிவிட்டால் பெரும்பாலும் பல் பிழைக்கும். விரிசல் வேருக்குள் இறங்கிவிட்டால் எங்களால் செய்யக் கூடியது பிடுங்குவது மட்டுமே.

ஆன்லே வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. பீங்கானுக்குச் சொத்தை வராது, அதன் ஓரத்தில் உள்ள பல்லுக்கு வரும். பற்களுக்கு நடுவே நூலோ இடைத்தூரிகையோ போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் எந்த நாட்டுப் பீங்கானும் உங்களைக் காப்பாற்றாது. தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரவில் போட்டுக்கொள்ளும் காப்புத் தகடு செய்து தருவார்கள். பாக்கை மெல்லும் பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்துவது பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே நல்லது. வாய்ப் புற்றுநோய்க்குப் பாக்கு ஒரு காரணம்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்தமுறை ஒரு மருத்துவர் "இந்தப் பல்லுக்குக் கேப் போட வேண்டும்" என்றால், எழுந்து வந்துவிடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். "டாக்டர், எந்தச் சுவர் நிற்கிறது, எது போய்விட்டது, படத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். "ஆன்லே வைத்தால் நிற்குமா? நிற்காது என்றால் ஏன்?" என்று கேளுங்கள். ரப்பர் டேம் போடுவீர்களா என்றும் கேளுங்கள். கேள்வி கேட்கிற நோயாளியிடம் நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். அவருக்கு அது உற்சாகம். தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் விசாரியுங்கள். கடித்து விடும்போது குத்துகிற பல்லை, பொங்கல் போகட்டும், பரீட்சை முடியட்டும், கல்யாணம் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.